அப்பாவின் தோளில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாமா?

படிக்கிற மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 63 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து மாதமாக வலது தோளில் வலி. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, மேல் தட்டிலிருந்து சாமான் எடுக்கும்போது சுரீர் என்கிறது, ஆனாலும் கை மேலே போகிறது. எம்.ஆர்.ஐ.யில் சுப்ராஸ்பைனேட்டஸ் ஜவ்வில் முழுத் தடிமன் கிழிசல், 1.6 செ.மீ. என்று வந்திருக்கிறது. ஒரு எலும்பு டாக்டர், "தள்ளிப்போட்டா அப்புறம் கையே தூக்க வராது, இந்த மாசமே பண்ணிடலாம்" என்கிறார். இன்னொருவர், "மூணு மாசம் பிசியோ பண்ணிப் பார்ப்போம்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபத்திரண்டு வருடமாகத் தோளும் முழங்காலும்தான் பிழைப்பு. ஆபரேஷனுக்கு முன் வருபவர்கள், பின் வருபவர்கள், ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடி வருபவர்கள் என்று எல்லோரையும் பார்க்கிறேன். பயிற்சி பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நான் கேட்க நினைப்பது 1.6 செ.மீ. பற்றி இல்லை. அப்பா விழுந்தாரா? வண்டியில் சறுக்கினாரா, பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றினாரா, மூட்டையைத் தூக்கும்போது தோளில் 'படக்' என்று ஏதாவது விட்டதா? உங்கள் கேள்வியில் அது இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். வேட்டி இரண்டு விதமாகக் கிழியும். புது வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தால், துணி நல்ல துணி. உடனே தைத்தால் பிடித்துக்கொள்ளும். பத்து வருடம் துவைத்த வேட்டி மடிப்பில் இற்றுக் கிழிந்தால், தைக்கலாம், ஆனால் ஊசி போகும் இடமே நைந்திருக்கும். தோள் ஜவ்வும் அப்படித்தான். விழுந்து கிழிந்தது ஒரு நோய், தேய்ந்து கிழிந்தது வேறொரு நோய். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் போடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இடுப்பு மூட்டை ஆட்டுக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள், குழிக்குள் குழவி ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. தோள் அப்படி இல்லை. ஏறக்குறைய தட்டையான ஒரு தட்டில் ஒரு பந்து. அதனால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. அந்தப் பந்து தட்டை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது நான்கு தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, நாண்களாக ஒடுங்கி, கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகச் சட்டைக் கைப்பட்டி மாதிரி சுற்றிப் பிடித்திருக்கின்றன. இதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். தசையை எலும்போடு கட்டுவது நாண் என்பது புத்தகத் தமிழ். கிளினிக்கில் எல்லாமே ஜவ்வுதான், நானும் அப்படியே எழுதுகிறேன். நான்கில் மேல் பக்கமாக ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ்தான் பெரும்பாலும் முதலில் கிழிவது.

கையைத் தூக்கும் பெரிய பலம் வெளியே தெரிகிற டெல்டாய்டு தசையுடையது. அது இழுக்கும்போது பந்தை மேல்நோக்கித் தள்ளும். ரொட்டேட்டர் கஃப் பந்தைத் தட்டின் நடுவில் அமுக்கிப் பிடிக்கும். இந்த இழுபறி சமமாக இருக்கும்வரை கை தூக்கும். பந்தல் துணியின் நடுவில் ஒரு ஓட்டை விழுந்தால் பந்தல் சரிந்துவிடாது, மூலைக் கயிறுகள் விறைப்பாக இருந்தால் போதும். மூலையே அறுந்தால்தான் கதை வேறு. தோளில் அந்த மூலைக் கயிறுகள் முன்பக்க, பின்பக்க ஜவ்வுகள். மேல் ஜவ்வில் ஓட்டையோடு கடையில் பத்து கிலோ தூக்கிக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாது.

1995-இல் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார்கள். தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் மட்டும் பார்த்தால் 54 சதவீதம், பாதிக்கு மேல். அப்பாவின் வலிக்கிற தோளில் கிழிசல் இருக்கிறது என்பதால் வலி அந்தக் கிழிசலிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. வலிக்காத இடது தோளையும் எடுத்தால் அதிலும் ஏதாவது இருக்கும். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்கேனை மட்டும் பார்த்துத் தேதி குறிக்கக் கூடாது என்கிறேன்.

நீங்கள் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அப்பாவை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, அவர் கையைத் தளர விட, நீங்கள் மெதுவாகத் தூக்குங்கள். காது வரை போகிறதா? அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மற்ற கை அளவுக்குத் திரும்புகிறதா? நீங்கள் தூக்கினாலும் போகவில்லை, திருப்பினாலும் கதவு பூட்டியது போல முட்டி நிற்கிறது என்றால், ஸ்கேன் என்ன சொன்னாலும் முதல் சந்தேகம் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிற உறைந்த தோள்தான். சர்க்கரைக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட நிறைய வரும். அதுவும் ராத்திரி வலிக்கும், அதுவும் கை தூக்க விடாது. ஆனால் வைத்தியம் வேறு. இறுகிப்போன தோளில் முதலில் அந்த இறுக்கத்தை இளக்க வேண்டும், தையலைப் பற்றி அப்புறம்தான் பேச்சு. நீங்கள் தூக்கினால் போகிறது, அவராகத் தூக்கினால்தான் தகராறு என்றால் ஜவ்வுப் பக்கம் யோசிக்கலாம்.

கழுத்து நரம்பு அழுத்தத்தாலும் தோள் வலிக்கும். முழங்கைக்குக் கீழே மரமரப்பு, கழுத்தைத் திருப்பினால் கூடும் வலி இருந்தால் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். படியேறும்போது மட்டும் வரும் இடது தோள் வலியை என்னிடம் கொண்டுவராதீர்கள், நேராக இதய டாக்டரிடம் போங்கள்.

இப்போது விழுந்தவர்கள் கதை. அது அவசரமானது.

என்னிடம் வந்த ஒரு கொத்தனார், ஐம்பத்திரண்டு வயது. சாரத்திலிருந்து சறுக்கி, விழாமலிருக்க ஒரு கையால் கம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். மறுநாள் காலை அந்தக் கை தோளுக்கு மேலே வரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது, "சதைப் பிடிப்பு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு இரண்டு மாதம் சுளுக்கு வழிப்பவர், அப்புறம் எண்ணெய்க் கட்டு. என்னிடம் வந்தபோது ஏழாவது மாதம். சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோள்பட்டை எலும்புக்கு மேலும் கீழும் தசை வற்றி, விரல் வைத்தால் பள்ளம். முழங்கையை விலாவில் ஒட்டி, முன்கையை நான் வெளியே திருப்பி வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். அது தானாக உள்ளே திரும்பி வயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டது. அவரே ஆச்சரியமாகப் பார்த்தார், "என் கைதானா சார் இது?" என்று.

ஜவ்வு அறுந்ததும் தசை சும்மா இருக்காது. உள்ளே இழுத்துக்கொள்ளும். மாதங்கள் போகப் போகத் தசை மெலிந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். கூட்டாலியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1994-இல் இதை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார். தசையும் கொழுப்பும் சரிபாதியாகிவிட்ட மூன்றாம் தரத்துக்குப் போய்விட்டால், தைத்தாலும் ஒட்டுவது சந்தேகம், ஒட்டினாலும் பலம் முழுதாகத் திரும்பாது. கொழுப்பு மறுபடி தசையாகாது. அந்தக் கொத்தனாருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அவர் இப்போது மேஸ்திரியாக நின்று வேலை வாங்குகிறார், கரண்டி பிடிப்பதில்லை.

ஆகவே விழுந்த பிறகு திடீரென்று கை தூக்க முடியாமல் போய், இரண்டு மூன்று வாரத்தில் தேறவில்லை என்றால், அங்கே "மூணு மாசம் பிசியோ" தவறான அறிவுரை. உடனே எம்.ஆர்.ஐ. அல்லது நல்ல கை பார்த்த அல்ட்ராசவுண்ட், முழுக் கிழிசல் என்றால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தையல். நாற்பது வயதுக்கு மேல் தோள் மூட்டு நழுவி, அதைத் திரும்ப ஏற்றிய பிறகும் கை தூக்கவில்லை என்றாலும் இதேதான். முதல் டாக்டர் சொன்ன "தள்ளிப்போட்டா கையே தூக்க வராது" இவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

விழாமல், தேய்ந்து கிழிந்தவர்களுக்குப் பொருந்துமா? இதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃபின்லாந்தில் 55 வயதைத் தாண்டிய, விபத்தில்லாமல் சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிந்த 180 தோள்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்குப் பயிற்சியோடு, தோளுக்குக் கூரையாக இருக்கும் மேல் எலும்பைச் சீவிவிடுதல். மூன்றாவதற்கு இரண்டோடும் சேர்த்துத் தையல். ஒரு வருடத்திலும் இரண்டு வருடத்திலும் வலியிலும் வேலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில் 452 பேருக்கு முழுக் கிழிசலோடு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு, போனவர்களிலும் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே முடிவு செய்துவிட்டார்கள். யார் போவார்கள் என்பதை அதிகம் காட்டிக்கொடுத்தது கிழிசலின் அளவு இல்லை. 'பயிற்சியால் சரியாகும்' என்ற நம்பிக்கை அந்த ஆளுக்கு இருந்ததா இல்லையா என்பதுதான். என் அனுபவமும் அதேதான். மகன் வற்புறுத்தலுக்காக வருகிறவர் நான்காம் நாள் நின்றுவிடுவார்.

இதோடு நிறுத்தினால் என் சாய்வுதான் பேசியது என்று ஆகிவிடும். நார்வேயில் மூன்று செ.மீ.க்கு உட்பட்ட கிழிசல் உள்ள 103 பேரைத் தையல், பயிற்சி என்று இரண்டாகப் பிரித்துப் பத்து வருடம் தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் சிறிதாக இருந்த வித்தியாசம் பத்தாம் வருடத்தில் கூடியிருந்தது. தோளின் வலியையும் வேலையையும் அளக்கும் நூறு மதிப்பெண் அளவுகோலில் தையல் போட்டவர்கள் பத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் இருந்தார்கள். பயிற்சிப் பிரிவில் தொடங்கிய 51 பேரில் 14 பேர் பின்னால் ஆபரேஷனுக்குப் போனார்கள். வேறொரு ஆய்வில், வலியில்லாத கிழிசல்களை அல்ட்ராசவுண்டில் வருடக்கணக்கில் பார்த்துவந்தபோது ஏறக்குறைய பாதி பெரிதாகிக்கொண்டு போயிருந்தது. ஆக, "ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க" என்பதும் பொய். தேய்ந்த கிழிசலில் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, அந்த அவகாசத்துக்கு ஒரு முடிவும் இருக்கிறது. 63 வயதில், கடையில் இன்னும் பத்து வருடம் உட்காரப் போகிறவருக்கு இது ஒரு மாதிரி. 78 வயதில் பேப்பர் படித்துக்கொண்டு திண்ணையில் இருப்பவருக்கு வேறு மாதிரி.

பிசியோ என்றதும் நம் ஊரில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், என் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. "பிசியோ போனேன் சார், பத்து நாள் மெஷின் வெச்சாங்க, ஒண்ணும் கேக்கல" என்று வாரம் ஒருவராவது வருகிறார்கள். கரண்ட் மெஷின், அல்ட்ராசவுண்ட் மெஷின், மெழுகு ஒத்தடம். இவை அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். கிழிந்த தோளைப் பிடித்து நிறுத்தும் வேலையை எந்த மெஷினும் செய்யாது. மீதி மூன்று ஜவ்வுகளையும் டெல்டாய்டையும் முதுகுத் தசைகளையும் பலப்படுத்துவதுதான் வைத்தியம், அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆகும், செய்ய வேண்டியவர் நோயாளி. பத்து நாள் மெஷின் வைத்ததை 'பிசியோ தோல்வி' என்று எழுதி ஆபரேஷனுக்கு அனுப்புவது நியாயமில்லை.

ஒரு பயிற்சியை அருகிலிருந்து காட்டுகிறேன். ரப்பர் பேண்டின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்து, முழங்கையால் அதை இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முழங்கை தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்க, கட்டை விரல் மேலே. இப்போது துண்டு கீழே விழாமல் முன்கையைக் கதவு திறப்பது போல வெளியே. இரண்டு நொடி நிறுத்தி, திரும்பும்போது இன்னும் மெதுவாக. பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். துண்டு விழுந்தால் கணக்கில் சேராது. இந்த ஒரு விதியால்தான் ஆட்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். வலி பத்துக்கு மூன்று நான்கு வரை இருக்கலாம், மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். ராத்திரி தூங்கவிடாமல் வலித்தால் பேண்ட் கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கை தூக்கவே கஷ்டப்படுகிறவர்களுக்கு மல்லாக்கப் படுத்துத் தொடங்குவேன். படுத்திருக்கும்போது கையின் எடை குறைவாகத் தெரியும். கூரையைப் பார்த்து நிமிர்த்திய கையை அப்படியும் இப்படியுமாகச் சிறிதாக அசைப்பது, தேறியதும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு முதுகுக்குத் தலையணை வைத்துச் சரிவாக, கடைசியில் உட்கார்ந்து. இதில் ஒரு பாட்டி மூன்று மாதத்தில் தானே கொண்டை போட்டுக்கொண்டாள். அவளுடைய ஸ்கேனைப் பார்த்த யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

ஊசியைப் பற்றி. வலி தூங்கவிடவில்லை, பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதில் தப்பில்லை. சில வாரங்கள் வலி குறையும், அந்த இடைவெளியில் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளலாம். அப்பாவுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும், குளுக்கோமீட்டரைப் பக்கத்தில் வையுங்கள். மாதாமாதம் போட்டால் ஜவ்வு மேலும் நைந்துபோகும். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று அபாயம் கூடுகிறது என்பதால், ஆபரேஷன் முடிவாகிவிட்டால் இடையில் எங்கும் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு இந்த விஷயத்தில் நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் சாவித்துளை வழியாகக் கேமரா விட்டு, கை எலும்பின் தலையில் ஆங்கர் என்கிற சிறு ஆணிகளைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் ஜவ்வை இழுத்துக் கட்டுகிறார்கள். பாஸ்டனைச் சேர்ந்த காட்மன் நூறு வருடத்துக்கு முன்பே தோலைத் திறந்து இதைச் செய்தவர். கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் ஆட்டும் பயிற்சியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சாவித்துளையா, திறந்தா என்பதில் முடிவு மாறுவதில்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஒப்பீடு சொன்னது. உங்கள் சர்ஜனுக்கு எது கைவந்ததோ அது.

"கூடவே மேல் எலும்பையும் சீவிவிடறேன்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். 1972-இல் நியர் என்பவர், தோளின் கூரை எலும்பு உரசித்தான் ஜவ்வு கிழிகிறது என்று விளக்கியதிலிருந்து உலகம் முழுக்கச் சீவினார்கள். 2018-இல் பிரிட்டனிலிருந்து ஒன்றும் ஃபின்லாந்திலிருந்து ஒன்றும் ஆய்வுகள் வந்தன. சிலருக்கு உண்மையாகவே சீவினார்கள், சிலருக்குக் கேமராவை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டுத் தோலை மூடிவிட்டார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். அவை முழுக் கிழிசல் இல்லாதவர்களிடம் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வலிக்காக மட்டும் எலும்பைச் சீவ யாராவது தேதி கொடுத்தால், நான் என் அப்பாவை அனுப்ப மாட்டேன்.

தைத்ததெல்லாம் ஒட்டுவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 2004-இல் பெரிய கிழிசல்கள் தைக்கப்பட்ட 18 பேரை ஒரு வருடம் கழித்து அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது 17 பேருக்கு மறுபடி விட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்களில் பெரும்பாலோர் அப்போது வலி குறைந்து சந்தோஷமாகவே இருந்தார்கள். உங்கள் அப்பாவின் கிழிசல் அவ்வளவு பெரிதில்லை. ஒன்றிலிருந்து மூன்று செ.மீ. வரை நடுத்தரம் என்பார்கள், அந்த அளவில் ஒட்டும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதைக் கெடுப்பவை வயது, கொழுப்புப் பிடித்த தசை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பீடி சிகரெட். முதலாவதை மாற்ற முடியாது. கடைசி இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லாதது பிறகு வரும் மாதங்களைத்தான். நாலு முதல் ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிடும் ஸ்லிங். முதல் சில வாரம் சாய்வு நாற்காலியில் அல்லது தலையணை அடுக்கி உட்கார்ந்தபடிதான் தூக்கம், மல்லாக்கப் படுத்தால் தோள் கனக்கும். வலது தோள் என்றால் சாப்பாடு இடது கையில் ஸ்பூனோடு. இடது தோள் என்றால் கழிவறையில் வேறு ஏற்பாடு. இதை ஆண்கள் யாரும் டாக்டரிடம் கேட்பதில்லை, வீட்டுக்கு வந்ததும் திகைக்கிறார்கள். ஹெல்த் ஃபாசெட் இருந்தால் வலது கைக்கு எட்டுமா என்று முன்னாலேயே பார்த்துவையுங்கள். ஆறு வாரம் கழித்துத்தான் கையைத் தானாக அசைப்பது, மூன்று மாதம் கழித்துத்தான் பலப்பயிற்சி, மூட்டை தூக்குவது ஆறு மாதத்துக்கு முன் கிடையாது. முழுப் பலம் வர ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை கடையில் யார் தூக்குவார்கள் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன் முடிவு செய்ய வேண்டும்.

ஆபத்தான காலம் வலி போன பிறகு வருகிறது. ஒரு அம்மா, ஏழாவது வாரம், கொஞ்சமும் வலியில்லை. மோட்டார் நின்றுவிட்டது என்று கீழேயிருந்து ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் ஏற்றியிருக்கிறார். "தூக்கும்போது ஒண்ணும் தெரியல, சாயங்காலம்தான் கை கழண்ட மாதிரி இருந்துச்சு" என்றார். ஸ்கேனில் ஒரு ஆங்கரின் நூல் ஜவ்வை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஜவ்வு எலும்போடு ஒட்ட எடுத்துக்கொள்ளும் மாதங்களுக்கும் வலி போவதற்கும் சம்பந்தமில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி சொல்லும் பேக்கேஜில் ஆங்கர் சேருமா, தனியா என்று எழுதி வாங்குங்கள். எத்தனை ஆங்கர் என்பது உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் உறுதியாகும், ஒன்று கூடினாலும் பில் ஏறும். இன்சூரன்ஸ் இருந்தால் இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

தைக்கவே முடியாத நிலைக்குப் போய், கையும் தூக்காமல், மூட்டும் தேய்ந்துவிட்ட முதியவர்களுக்கு ரிவர்ஸ் மூட்டு மாற்று இருக்கிறது. பந்தும் தட்டும் இடம் மாறிவிடும், டெல்டாய்டு மட்டுமே கையைத் தூக்கும். பிரான்சின் கிராமோன் 1985 வாக்கில் கொண்டுவந்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு நல்ல வழி. உங்கள் அப்பா அதன் பக்கத்தில்கூட இல்லை, பயப்படாதீர்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன சொல்வேன்? விழவில்லை, நீங்கள் தூக்கினால் கை முழுக்கப் போகிறது, தசை வற்றவில்லை என்றால், இரண்டாவது டாக்டர் பக்கம் நிற்பேன். பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை பிசியோவிடம் சரிபார்த்துக்கொண்டு வீட்டில் ஒழுங்கான பயிற்சி. கடையில் மேல் தட்டுச் சரக்கை மார்பு உயரத்துக்கு இறக்கிவையுங்கள், அரிசி மூட்டையைப் பையன் தூக்கட்டும். ராத்திரி வலது கைக்குக் கீழே ஒரு தலையணை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பார்த்து, கூடுதலாக இருந்தால் இந்த மூன்று மாதத்தில் இறக்குங்கள். ஆபரேஷன் வந்தாலும் அது உதவும். பன்னிரண்டு வாரத்தில் வலி பாதியாவது குறைந்து தூக்கம் வந்தால் தொடரலாம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கிழிசல் வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை, அல்லது இடையில் பலம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் முதல் டாக்டரிடம் போய்த் தேதி வாங்குங்கள், அப்போது அவர் சொல்வதுதான் சரி. அவரிடம் மூன்று கேள்வி போதும். தசையில் கொழுப்பு எந்தத் தரம்? ஜவ்வு எவ்வளவு உள்ளே இழுத்திருக்கிறது? இந்த அளவில் நீங்கள் தைத்தவர்களில் எத்தனை பேருக்கு ஒட்டியது? கேள்விக்குக் கோபிக்காத சர்ஜனிடம் செய்துகொள்ளுங்கள்.

இத்தனையும் அவர் விழவில்லை என்ற அனுமானத்தில் எழுதியது. ஐந்து மாதத்துக்கு முன்பு, வலி தொடங்கிய அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். அப்பாவிடம் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பார். அறுபதைத் தாண்டிய ஆண்கள் விழுந்ததை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் கேளுங்கள்.